நக்கல்: ஒரு சொல்லுக்குள் இருக்கும் சிரிப்புகள்

"எதைக் கேட்டாலும் நக்கல்தான் மேடம்." குடும்ப ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் முதலில் சொல்லும் புகார் இது. உடனே பிள்ளையின் மேல் தப்பு என்று நான் முடிவு கட்டுவதில்லை. எந்த மாதிரி நக்கல் என்று கேட்பேன்.

நாக்கால் நக்குவதோடு முடிச்சுப் போட்டு, 'நக்கல்' என்பதைக் கொச்சைச் சொல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் 'நகு' என்றால் சிரி. புகு, புக்கான் ஆவது போல நகு, நக்கான் ஆகும். பழைய செய்யுளில் 'நக்கான்' என்றால் சிரித்தான். நக்கலும் இந்த வழியில் வந்ததாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதே பொருளில் நாம் சொல்லும் கேலி, வடமொழியில் விளையாட்டு. எகத்தாளத்துக்குத் தெலுங்கில் 'எகதாளி' என்று உறவுச்சொல் உண்டு, அங்கேயும் பரிகாசம்தான்.

நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியல்: எள்ளல் (இகழ்ச்சி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெள்ளந்தித்தனம்). பதின்ம வயதுப் பிள்ளையின் எடக்குப் பேச்சு பெரும்பாலும் இளமையில் பிறப்பது. வார்த்தையை வளைத்துப் பார்க்கிற வயது. அதை எள்ளல் என்று எடுத்துக்கொண்டு தண்டித்தால் வீட்டில் பேச்சே நின்றுபோகும்.

எள்ளலுக்கு உரை எழுதும்போது, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. என் அறையில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான்.

14 வயதுப் பையன் ஒருவன். "சொல்லுங்க விஞ்ஞானி" என்றார் அப்பா. அறிவியலில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து வீட்டில் அதுதான் அவன் பெயராம். பையன் சிரித்தான். விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. நூல் பிரிந்து பொத்தான் தொங்கிவிட்டது. "அவனே சிரிக்கிறான் பாருங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்" என்றார் அப்பா.

'நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி' என்கிறது 995ஆம் குறள். விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி சுடும். பையனின் 'நக்கல்' என்று அப்பா அடுக்கியதெல்லாம் அந்தச் சூட்டுக்கு அவன் கொடுத்த பதில்தான்.

அடுத்த சந்திப்பு வரை பெயர் சொல்லியே கூப்பிடும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். மகன் சிரிக்கும்போது அவன் கைகளையும் கவனிக்கச் சொன்னேன்.

திரும்ப வந்தபோது அவர் பெயர் சொல்லி அழைத்தார். பையன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா?" என்றான்.