முலு: காடு குடைந்த குகைகள்

போர்னியோ தீவில் மலேசியாவுக்குச் சேர்ந்த சரவாக் மாநிலத்தில் இருக்கிறது குனுங் முலு தேசியப் பூங்கா. அங்கே போகச் சாலை கிடையாது. மிரி நகரில் சின்ன விமானம் ஏறினால் அரை மணி நேரத்தில் காட்டு நடுவே இறக்கிவிடுவார்கள். 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 528 சதுர கிலோமீட்டர். அதற்கு அடியில் இதுவரை அளந்து முடித்த குகைவழிகள் மட்டும் 295 கிலோமீட்டருக்கு மேல்.

வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் குகை, மதியம் காட்டு நடை, மாலையில் வௌவால் என்று தனித்தனியாகத்தான் திட்டம் போடுகிறார்கள். நடந்து பார்த்தால் மூன்றும் ஒரே கதை. மேலே காடு இல்லையென்றால் கீழே இவ்வளவு பெரிய குகை இல்லை. குகைக்குள் இருக்கும் உயிர்களுக்குச் சோறு போடுவதும் காடுதான்.

பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். சேற்றிலிருந்து சற்று உயர்த்திப் போட்ட பலகைப் பாதை. வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். குகை உருவாகும் வேலையின் முதல் கட்டம் இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருக்கிறது.

மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டுதான் தரைக்கு வருகிறது. அதனால் மழைநீர் எப்போதுமே லேசான அமிலம். ஆனால் பாறையைக் குடைய அந்த அமிலம் போதாது. மிச்சத்தை மண் தருகிறது. உதிர்ந்த இலை, மட்கும் கட்டை, அதில் படர்ந்த பூஞ்சை, அடியில் வேர்கள், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இத்தனையும் மண்ணுக்குள்ளே மூச்சு விட்டபடி இருக்கின்றன. அதனால் மண்ணின் இடுக்குகளில் தங்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருக்கும். அந்த மண் வழியாக இறங்கும் நீர் நல்ல கார்பானிக் அமிலமாகிப் பாறையைத் தொடுகிறது. வெயிலும் மழையும் ஆண்டு முழுக்க இருக்கும் காட்டில் மட்குவது நிற்பதே இல்லை. அமிலம் தயாராவதும் நிற்பதில்லை.

கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. பவளங்கள், பாசிகள், ஓடுள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப் படிந்து, இறுகி, அப்புறம் நிலம் உயர்ந்து மலையானது. அதன் கால்சியம் கார்பனேட்டைத் தூய நீர் அவ்வளவாகக் கரைக்காது. கார்பானிக் அமிலம் பட்டால் அது கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீரோடு போய்விடும். மயிரிழை அளவு வெடிப்பு விரலளவு ஆகும். விரலளவு ஆனதும் நீர் அதிகம் ஓடும், அதனால் இன்னும் வேகமாகக் கரையும்.

கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாவதைப் பார்க்க வேண்டுமென்றால் மான் குகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாங் குகைக்குள் போக வேண்டும். சின்னக் குகைதான், ஆனால் கல்விழுதுகளும் கல்முளைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு மிஞ்சுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குகையின் உட்புறத்தில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம், ஆவியாக வழியே இல்லை. நடப்பது வேறு. மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு வந்த துளி, அந்த வாயு குறைவாக இருக்கும் குகைக்காற்றைத் தொட்டதும், மூடி திறந்த சோடா மாதிரி வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனால் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் சுண்ணாம்பைத் தாங்கிப் பிடிக்க நீரால் முடிவதில்லை, துளியின் விளிம்பில் மெல்லிய வளையமாகப் படிகிறது. விழுதின் நுனியில் விளக்கைக் காட்டினால் நடுவே துளை இருக்கும் பிஞ்சுக் குழல்களைப் பார்க்கலாம். தொட வேண்டாம் என்று வழிகாட்டி அதட்டுவதற்குக் காரணம் உண்டு. விரலிலிருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிவிட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது.

சரி, சுண்ணாம்பு மலையும் மழைக்காடும் உலகில் பல இடங்களில் இருக்கின்றன. முலுவின் குகைகள் மட்டும் ஏன் இவ்வளவு பெரியவை? விடை பக்கத்து மலையில் இருக்கிறது. 2,376 மீட்டர் உயரமுள்ள முலு மலை சுண்ணாம்பு மலையே இல்லை. அது மணற்கல்லும் களிப்பாறையும். அதன்மேல் பெய்யும் மழை சுண்ணாம்பைத் தொடாமலேயே ஆறாகி வந்து சுண்ணாம்புப் பாறையில் மோதுகிறது. ஏற்கெனவே சுண்ணாம்பு ஏறிய நீர் மேற்கொண்டு கரைக்காது. இந்த ஆறோ பசியோடு வருகிறது. வரும்போது மணற்கல் உருளைகளையும் உருட்டிக்கொண்டு வருகிறது. அவை குகையின் தரையில் கெட்டியாகப் படிந்துவிடுவதால் ஆற்றால் கீழ்நோக்கி அரிக்க முடிவதில்லை. பக்கச் சுவரைத்தான் அரிக்கிறது. குகைவழி அகன்றுகொண்டே போகிறது.

கிளியர்வாட்டர் குகையில் இதற்குச் சாட்சி சுவரிலேயே இருக்கிறது. தலைக்கு மேலே, கிடையாக, ஆள் உள்ளே படுக்கலாம் போல நீண்ட பள்ளம். ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடி அரித்த தடம். நிலம் உயர உயர ஆறு கீழே கீழே புது வழி தேடிக்கொண்டது. மலையின் மேல்மட்டக் குகைகள் பழையவை, இன்று ஆறு ஓடும் குகை ஆகப் புதியது. இந்த மட்டங்களில் தங்கிய படிவுகளின் வயதைக் கணக்கிட்டு, நிலம் 1,000 ஆண்டுக்குச் சுமார் 19 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள். கிளியர்வாட்டரின் கிளைகள் சேர்ந்து இப்போது 200 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

அதோடு இணைந்ததுதான் காற்றுக் குகை. குறுகலான இடத்தில் நின்றால் முகத்தில் சில்லென்று காற்று அடிக்கும். குகைக்குள் வெப்பம் ஆண்டு முழுக்க அநேகமாக மாறாது. வெளியே நண்பகலில் சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று தாழ்ந்த வாய் வழியாக வெளியே வழிகிறது. அந்த இடத்தை நிரப்ப உயரத்திலுள்ள வாய்கள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. இரவில் வெளியே குளிர்ந்தால் திசை மாறவும் கூடும். குகை ஆராய்கிறவர்கள் காற்று வரும் இடுக்கைத்தான் முதலில் தோண்டிப் பார்ப்பார்கள். காற்று வந்தால் அந்தப் பக்கம் வழி இருக்கிறது.

1981 ஜனவரியில் ஆண்டி ஈவிஸ், டேவ் செக்லி, டோனி வைட் என்ற மூன்று பிரிட்டிஷ் குகையாளர்கள் இங்கே ஒரு குகைக்குள் சுவரை ஒட்டியே அளந்துகொண்டு போனார்கள். எதிர்ச்சுவரைத் தொட்டுவிடலாம் என்று திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் குறுக்கே நடந்தால், சுவர் வரவே இல்லை. விளக்கு வெளிச்சமும் எதையும் எட்டவில்லை. அதுதான் சரவாக் அறை. 600 மீட்டர் நீளம், 400 மீட்டருக்கு மேல் அகலம். தரைப் பரப்பில் உலகிலேயே மிகப் பெரிய குகை அறை. கொள்ளளவில் சீனாவின் மியாவ் அறை முந்திக்கொண்டது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கூரை நிற்பதற்கு, பாளம் பாளமாகப் பிரியாத தடித்த பாறையும் அதன் வளைவும் காரணம். பாரம் பக்கங்களுக்கு இறங்கிவிடுகிறது. சாதனைப் பட்டியல்களைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. மான் குகையும் உலகின் மிகப் பெரிய குகைவழி என்ற பட்டத்தை, 2009-இல் வியட்நாமின் சோன் டூங் குகை அளக்கப்பட்டபோது இழந்துவிட்டது. நேரில் நிற்கும்போது அந்த வரிசை எண் யாருக்கும் நினைவில் இருக்காது.

வெளிச்சம் மங்கத் தொடங்கும் குகைவாயைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கிளியர்வாட்டர் வாயருகே பாறையில் பென்சில் தடிமனில் கூர்கள் நிறைந்திருக்கும். எல்லாம் ஒரே திசையில், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். பாறைமேல் வாழும் நுண்பாசிகள் ஒளியைத் தேடி வளரும்போது அடியிலிருக்கும் சுண்ணாம்பை அரிக்கின்றன. ஒளி படும் திசையில் அரிப்பு அதிகம், ஒளி படாத நிழல் கூராக மிஞ்சுகிறது. பக்கத்திலேயே மோனோபில்லியா என்ற செடி. ஆயுள் முழுவதும் அதற்கு ஒரே ஒரு இலை. விதையிலிருந்து வந்த இரண்டு வித்திலைகளில் ஒன்றுதான் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒளி குறைந்த இடத்தில் தண்டும் கிளையும் வளர்த்துச் செலவு செய்யாமல் பிழைக்கிற வழி அது.

அதற்கு உள்ளே ஒளி கிடையாது, ஆகவே செடியும் கிடையாது. ஆனாலும் மான் குகையின் தரையில் ஏதோ ஒன்று எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும். விளக்கைக் கீழே காட்டினால் தரையே அசைவது தெரியும்: கரப்பான்கள், வண்டுகள், புழுக்கள். அவை புரள்வது வௌவால் எச்சத்தில். நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான அமோனியா நெடி அதிலிருந்துதான். காட்டின் இலையைப் பூச்சி தின்றது, பூச்சியை வௌவால் தின்றது, அது எச்சமாகி இங்கே விழுகிறது. குகைக்குள் ஒளியின் சக்தி வந்து சேரும் வழி இது. முடியே இல்லாத ஒரு பெரிய வௌவாலும் இங்கே உண்டு, அதன் தோலிலிருந்து உதிர்வதைத் தின்றே வாழும் பூச்சி ஒன்று அதன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். உழவாரக் குருவிகள் இருட்டில் டிக் டிக்கென்று ஒலி எழுப்பி எதிரொலியால் வழி கண்டுபிடிக்கின்றன. வௌவாலின் ஒலி நம் காதுக்குப் பெரும்பாலும் எட்டாது, குருவியின் ஒலி எட்டும். அந்தக் குருவிகளையும் வௌவால்களையும் பிடிக்கச் சுவரில் ஏறும் பாம்பும் இருக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பாம்பு இல்லாவிட்டாலும் எச்சம் இருக்கும். தொப்பியும் அவசியம்.

இந்தக் குகையில் 12 வகை வௌவால்கள் இருக்கின்றன. உதடு சுருங்கிய ஒரு வகை மட்டும் 25 முதல் 35 லட்சம் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரைக்குள், குகைவாயில் வளையமாகச் சுற்றிச் சேர்ந்து, கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வானத்தில் நெளிந்துகொண்டு போகும். முழுதாக இருட்டும் வரை காத்திருந்தால் பாதுகாப்பு, ஆனால் பூச்சிகள் அதிகம் பறப்பது அந்தி நேரத்தில். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே ஆபத்துக்குத் துணிகின்றன. வௌவால் பருந்து அங்கேயே காத்திருக்கும். அகன்ற வாயுள்ள அந்தப் பறவை, பிடித்த வௌவாலைப் பறந்துகொண்டே முழுசாக விழுங்கிவிடும். கூட்டமாகப் போனால் ஒவ்வொரு வௌவாலுக்கும் பிடிபடும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றாகக் குறைகிறது. நெளிந்து நெளிந்து போவதால் ஒன்றைக் குறிவைப்பதும் கடினம். ஒவ்வொன்றும் இரவில் 5 கிராம் பூச்சி தின்றாலே 30 லட்சத்துக்கு 15 டன். மழை கொட்டினால் அவை வராமல் போகலாம். நனைந்த வௌவாலுக்குப் பறக்க இரண்டு மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 2011-இல் வேறொரு வகை வௌவாலை வைத்து அளந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு மாலையை மட்டும் நம்பி முலுவுக்குப் போகாதீர்கள்.

நடக்கத் தெம்பிருப்பவர்களுக்கு பின்னக்கிள்ஸ் இருக்கிறது. குனுங் ஆப்பி மலைச்சரிவில், காட்டுக்கு மேலே 45 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் சுண்ணாம்பு ஊசிகள். குகையைக் குடைந்த அதே கரைசல் வேலைதான், இங்கே திறந்த வெளியில். செங்குத்து வெடிப்புகள் வழியே மழை இறங்கி இடைப்பட்டதைக் கரைத்துவிட, நடுவில் நின்றவை கத்தி விளிம்போடு மிஞ்சின. படகில் போய், அப்புறம் 8, 9 கிலோமீட்டர் நடந்து, ஐந்தாம் முகாமில் இரவு தங்கி, விடியலில் ஏற வேண்டும். ஏறும் பாதை 2.4 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் சுமார் 1,200 மீட்டர் உயர வேண்டும். கடைசிப் பகுதி ஏணியும் கயிறும். கூர்ப்பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருப்பதால் கையுறை இல்லாமல் போகக் கூடாது. சொன்ன நேரத்துக்குள் சொன்ன இடத்தை எட்டாதவர்களை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. மதியத்துக்கு மேல் மழை வந்தால் அந்தப் பாறையில் இறங்குவது ஏறியதைவிட மோசம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, அந்த நாளையும் சேர்த்துக் குகைகளுக்கே வைத்துக்கொள்ளலாம். குகைகளுக்குள்ளும் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அதனால் புறப்படும் முன்பே இடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.