மூடிய ராணுவ விமானத்தளத்தைப் பயணிகள் விமான நிலையமாக்குவது எப்படி?

அமெரிக்காவில் 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றுகளாக ராணுவத் தளங்கள் மூடப்பட்டன. ஓடுபாதை இருக்கிறதே, நாளைக்கே விமானம் விடலாமே என்று ஊர்க்காரர்களுக்குத் தோன்றும். உண்மையில் ஓடுபாதை கிடைப்பதுதான் இருப்பதிலேயே எளிய பகுதி.

மத்திய அரசு அமைப்புகளுக்குத் தேவைப்படாத நிலத்தை, பொது விமான நிலையத்துக்காக நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) விலையில்லாமலே பெறலாம். நிபந்தனை உண்டு. அங்கே வரும் வருமானம் விமான நிலையத்துக்கே செலவாக வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பணம்? போர் விமானங்களுக்குக் கட்டிய இடத்தில் பயணிகள் முனையம் இருக்காது. குடிநீர்க் குழாய்களும் மின்சாரக் கம்பிகளும் பழையவை. இதற்காகவே 1990-இல் ராணுவ விமான நிலையத் திட்டம் வந்தது. வாகன நிறுத்தம், எரிபொருள் கிடங்கு, விமானக் கொட்டகை போன்ற, வழக்கமான மானியத்தில் சேர்ப்பது கடினமான வேலைகளுக்கும் இதில் நிதி கிடைக்கும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 15 விமான நிலையங்களுக்குத்தான் இடம். ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்வு செய்வார்கள். அப்புறம் நீட்டிப்பும் கேட்கலாம். அருகிலுள்ள பெரிய விமான நிலையத்தின் நெரிசல் குறையுமா, கூடுதல் திறன் கிடைக்குமா என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும்.

என் கருத்தில், திட்டமிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஊரின் விருப்பத்தைத்தான். டெக்சாஸின் ஆஸ்டினில் பெர்க்ஸ்ட்ரோம் தளம் 1993-இல் மூடியது. அதே ஆண்டு, விமான நிலையம் கட்ட நகரம் கடன் பத்திரங்கள் வெளியிட வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 1999-இல் அங்கே பயணிகள் சேவை தொடங்கியது. கலிபோர்னியாவின் எல் டோரோ தளத்தில் நேர்மாறு. 1994-இல் விமான நிலையத்துக்கு ஆம் என்ற வாக்காளர்கள், 2002-இல் வேண்டாம் என்றார்கள். சத்தத்துக்கு அஞ்சிய அக்கம்பக்கத்து ஊர்கள் விடாமல் எதிர்த்தன. இன்று அங்கே பூங்காவும் வீடுகளும் இருக்கின்றன.

மண்ணையும் தண்ணீரையும் சோதிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நியூ ஹாம்ப்ஷயரின் பீஸ் தளம் 1991-இல் மூடப்பட்டது. தீயணைப்பு நுரையில் இருந்த வேதிப்பொருள்கள் அங்கே குடிநீர்க் கிணற்றில் கலந்திருப்பது 2014-இல்தான் தெரிந்து, கிணற்றை மூடினார்கள். பழைய மாசைச் சுத்தம் செய்யும் பொறுப்பு சட்டப்படி ராணுவத்துடையதுதான், ஆனால் அது பல ஆண்டுகள் இழுக்கும் வேலை.

தீயணைப்புக் குழுவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணுவம் போகும்போது அதன் தீயணைப்பு வீரர்களும் போய்விடுவார்கள். 9 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்களில் அட்டவணைப்படி பயணிகள் சேவை நடக்க வேண்டுமென்றால் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கு மீட்பு, தீயணைப்பு ஏற்பாட்டை விமான நிலையமே செய்து காட்ட வேண்டும்.