‘தன்னார்வ வானொலி’ என்று யார் பெயர் வைத்தது?

வெள்ளமோ புயலோ வந்துபோனால், அடுத்த சில நாட்களில் இப்படி ஒரு வரி எங்காவது தலைகாட்டிவிடும்: “தன்னார்வ வானொலி நிலையத்தினர் மீட்புச் செய்திகளை இடைவிடாமல் ஒலிபரப்பினர்.” படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் எப்.எம். நிலையம் நடத்துகிறது, அறிவிப்பாளர் ஒருவர் எந்தப் பாலம் உடைந்தது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றுதான் தோன்றும். நடந்தது அதுவல்ல. கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த ஊரில், உள்ளூர் ஹாம் ரேடியோ கிளப்பைச் சேர்ந்த நாலைந்து பேர் கார் பேட்டரியில் கருவியை இயக்கி, நிவாரண முகாமுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே செய்திகளைக் கடத்தினார்கள். ஒருவர் சொல்ல, மறுமுனையில் இருப்பவர் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டி உறுதிசெய்வார். கேட்பவர் கூட்டம் என்று ஒன்று அங்கே கிடையாது.

ஹாம் ரேடியோவின் முறையான பெயர் அமெச்சூர் ரேடியோ: உரிமம் பெற்றவர்கள் பண ஆதாயம் இல்லாமல், சொந்த ஆசையால் வானலையில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வது. அதற்குத்தான் இந்தத் ‘தன்னார்வ வானொலி’. பார்த்துப் பார்த்து அலுத்துப்போனதால் எழுதுகிறேன்.

முதலில் சொற்பிறப்பு; அதை விரைவாக முடித்துவிடலாம். அமெச்சூர் என்பது பிரெஞ்சுச் சொல். அதன் வேர் லத்தீனின் ‘அமாரே’, அதாவது நேசித்தல். ஆக, அமெச்சூர் என்றால் ஒன்றை நேசிப்பவர். கூலிக்காக இல்லாமல் அதன்மேல் உள்ள பிரியத்துக்காகச் செய்பவர். ‘அரைகுறை’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஹாம் என்ற பட்டப்பெயரின் கதை வேறு. கம்பித் தந்தி காலத்தில், தட்டத் தெரியாமல் தட்டும் ஆட்களைத் தொழில்முறைத் தந்தியாளர்கள் அப்படிக் கேலி செய்தார்கள். கேலிக்கு ஆளானவர்களே பிறகு அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேருடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ஹாம் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம்.

தமிழில் இதற்கு நான் பார்த்த பெயர்களில் மோசமானது ‘கத்துக்குட்டி வானொலி’. எழுதியவர் அகராதியில் கடைசிப் பொருளைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக்குறி (வானலையில் ஆளை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) பெற்று, தன் கையால் கருவி கட்டி, 1961லேயே ஆஸ்கார் 1 என்ற செயற்கைக்கோளை விண்ணில் சுற்றவிட்ட கூட்டத்துக்குக் கத்துக்குட்டி என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அடுத்தது ‘பொழுதுபோக்கு வானொலி’. பொருள் அவ்வளவு தப்பில்லை, ஆனால் காதில் விழும்போது சினிமாப் பாட்டு போடும் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் பரவவில்லை. அதனால் அவற்றோடு சண்டை வேண்டாம்.

சண்டை ‘தன்னார்வ’த்தோடுதான். அது நல்ல உடை உடுத்தி வந்த பிழை. பார்க்கக் கௌரவமாக இருக்கிறது, யாரையும் இழிவுபடுத்தவில்லை, சேவையைப் பாராட்டுவதுபோலவும் இருக்கிறது. அதனாலேயே யாரும் அதைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

அதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் + ஆர்வம்: தன்னுடைய ஆர்வத்தால் செய்வது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானலை விதிமுறைகள் இந்தச் சேவையை வரையறுக்கும்போது, தானாகக் கற்றல், தங்களுக்குள் தொடர்புகொள்ளல், தொழில்நுட்ப ஆய்வு ஆகிய மூன்றையும் நோக்கமாகச் சொல்கின்றன. அதில் ஈடுபடுபவர், முறையான அனுமதி பெற்றவராகவும், பண ஆதாயம் இல்லாமல் முற்றிலும் சொந்த நாட்டத்தால் வானலை நுட்பத்தில் ஈடுபடுபவராகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ‘சொந்த நாட்டம்’ என்பதைத் ‘தன்னார்வம்’ என்றால் எழுத்தளவில் பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் சொல்லுக்குப் பொருள் தருவது புணர்ச்சி விதி மட்டுமா? தன்னார்வலர் என்றால் இன்றைய தமிழில் ஒரே பொருள்தான்: கேட்காமலே முன்வந்து பிறருக்கு உழைப்பவர். ரத்த தான முகாமில் நிற்பவர், கடற்கரையில் குப்பை பொறுக்குபவர், தன்னார்வத் தொண்டு நிறுவனத்தில் பெயர் பதிந்தவர். அந்தச் சொல் அங்கே குடியேறி வீடு கட்டிவிட்டது. அதை எடுத்து அமெச்சூர் ரேடியோவுக்கு வைத்தால், தொண்டுதான் இதன் பிறப்பு என்று ஆகிவிடுகிறது. மேலே சொன்ன வரையறையை மறுபடி படித்துப் பாருங்கள். தொண்டு என்ற பேச்சே அதில் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அதே விதிமுறைகளின்படி, ஓர் அமெச்சூர் நிலையம் மூன்றாம் மனிதர்களுக்காக நாடு விட்டு நாடு செய்தி அனுப்புவது அவசர நிலையிலும் பேரிடர் நிவாரணத்திலும் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. அதாவது பேரிடர்ச் சேவை என்பது விதிவிலக்குக்குள் வருகிறது. பேரிடர் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் தயாராக இருக்க நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்று அந்த ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு மாநாட்டில் ஊக்கமும் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் வரையறையை அப்போதும் அவர்கள் தொடவில்லை. ஒரு விதிவிலக்கை எடுத்துப் பெயராக வைப்பது என்ன முறை?

2004 டிசம்பரில் அந்தமானில் நடந்ததைப் பாருங்கள். இந்திய ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. எதற்கு? அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் அலைகள் ஒலிப்பது அரிது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அனுமதி கிடைத்திருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தத் தீவுகளுக்கே உரிய, வி.யூ.4 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று காத்துக்கிடந்தார்கள். முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு, ஒருவகைச் சேகரிப்பு வெறி. 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கி, கடல் ஏறி, தொலைபேசிகள் அடங்கிய பிறகு, அந்தக் குழுவே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வழிகளில் ஒன்றானது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விகள் அந்த அலைகளில் போய் வந்தன. அவர்களைத் தன்னார்வலர் என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த நாட்களில் அவர்கள் தன்னார்வலர்கள்தான். ஆனால் கருவியும் கம்பியும் பழகிய கையும் அங்கே தயாராக இருந்தது தொண்டு மனத்தால் அல்ல. அலை பிடிக்கும் ஆசைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது.

கிளப்புகளின் சேவை எல்லாமே இப்படித்தான் முளைக்கிறது. எந்த நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், எந்த நேரத்தில் பக்கத்து ஊர் கேட்கும் என்று வருடக்கணக்கில் இரவெல்லாம் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் தெரியும். 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டித் தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் மழைபோல இறங்கும்; மலை மறைவில் இருக்கும் ஊருக்குக்கூடக் கேட்கும். புயலன்றைக்கு இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. மாரத்தான் ஓட்டத்திலும் சைக்கிள் பந்தயத்திலும் கிளப் ஆட்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் கைக்கருவியோடு நிற்கிறார்களே, அதுவும் சேவைதான், ஆனால் பாதி ஒத்திகை. யார் எப்போது பேசுவது, யார் ஒழுங்குபடுத்துவது, செய்தியை எத்தனை சொற்களில் சுருக்குவது என்ற பழக்கம் அங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் 1933 முதல் நடக்கும் களநாள் பயிற்சியில் மின்வசதி இல்லாத வெட்டவெளியில் நிலையம் அமைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் அது பார்ப்பதற்கு ஒரு திருவிழா மாதிரி இருக்கும்.

‘தன்னார்வ’ என்ற பெயரால் நடைமுறையிலும் ஒரு கேடு உண்டு. தன்னார்வலராக யாரும் ஆகலாம், மனமிருந்தால் போதும். வானலையில் அப்படி முடியாது. உரிமம் இல்லாமல் மலிவான வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு, “நானும் தன்னார்வ வானொலிதான்” என்று வெள்ளத்தின் நடுவே பேச ஆரம்பித்தால், உண்மையான செய்தி அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். பெயரிலேயே ‘வாங்க, யார் வேண்டுமானாலும்’ என்று எழுதி ஒட்டியிருந்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இனி அந்தப் பெயரின் மறுபாதிக்கு வருவோம். ‘வானொலி’ அழகான சொல். ஆனால் அது ஒலிபரப்புக்கு வாக்கப்பட்ட சொல். ஒருவர் பேச, ஊரே கேட்பது வானொலி. அமெச்சூர் நிலையங்களுக்கு விலக்கப்பட்டதே அந்த ஊருக்கு ஒலிபரப்பும் வேலைதான். ஜெர்மானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள்: வானலைத் தொடர்புக்கு ‘ஃபுங்க்’, ஒலிபரப்புக்கு ‘ருண்ட்ஃபுங்க்’ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்; அமெச்சூர் ரேடியோவை ‘அமட்டூர்ஃபுங்க்’ என்பார்கள், குழப்பமே இல்லை. நமக்கு இரண்டும் ஆரம்பத்திலேயே கலந்துவிட்டன என்பதும் உண்மைதான். 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஆர்வலர்களின் சங்கம், ஆனால் அது செய்தது ஒலிபரப்பு. பணமில்லாமல் 1927இல் நின்றுபோய், கருவி மாநகராட்சியிடம் போனது. அந்தக் காலத்தில் எல்லை தெளிவாக இல்லை, சரி. இப்போது அந்தச் சாக்கு செல்லாது. சமுதாய வானொலி என்று வேறொன்றும் வந்துவிட்டது; அது உள்ளூர் மக்களுக்கான ஒலிபரப்பு. ‘தன்னார்வ வானொலி’யையும் ‘சமுதாய வானொலி’யையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துறைக்காரர் யாரையாவது கேட்டுவிட்டு எழுதினால் என்ன? ஹாம்கள் ‘டிராபிக்’ என்றால் கடத்த வேண்டிய செய்திகள். அதைக்கூட ஒருவர் “போக்குவரத்தைச் சீர்செய்தனர்” என்று எழுதியிருந்தார். ஏதோ சந்தியில் நின்று விசில் ஊதினார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘நெட்’ என்பது குறித்த அலைவரிசையில் குறித்த நேரத்தில் எல்லோரும் கூடும் கூட்டம். அதை ‘வலை’ என்று எழுதினால் மீனவர் செய்தியாகிவிடும். ‘கூடல்’ என்று எழுதலாமே. பாதிப் பேர் சொல்லைப் பார்க்கிறார்கள், செயலைப் பார்ப்பதில்லை.

சரி, நான் எதைச் சொல்கிறேன்? ஆர்வலர். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீன்காரன் அமாரேயிலிருந்து எதைக் கட்டினானோ அதுவே நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. புதிதாக ஒன்றும் அடிக்க வேண்டாம். இந்த அன்பு பிறர் துன்பம் கண்டு கண்ணீர் விடும் என்றும் குறள் சொல்வதால், சேவைக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அன்பு முதலில், சேவை அதன் பின்னால். வரிசை சரியாக வருகிறது.

வானொலிக்குப் பதில் வானலை. ஆக, அமெச்சூர் ரேடியோ ‘ஆர்வலர் வானலை’. அதைச் செய்பவர் ‘வானலை ஆர்வலர்’. பிரெஞ்சிலும் ‘ரேடியோ அமெச்சூர்’ என்று அதே வரிசையில்தான் ஆளைச் சொல்கிறார்கள்.

ஒரு மறுப்பு வரும், தெரியும்: தொலைக்காட்சி விவாதங்களில் உட்காரும் எல்லோரும் ‘சமூக ஆர்வலர்’ ஆகிவிட்டார்களே, அந்தச் சொல் தேய்ந்துவிட்டதே என்பார்கள். தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் பறவை ஆர்வலர், வானியல் ஆர்வலர் என்ற இடங்களில் அது இன்னும் முழுசாக இருக்கிறது. பறவை ஆர்வலர் என்றதும் பறவைகளுக்குத் தொண்டு செய்பவர் என்று யாரும் நினைப்பதில்லை. விடியலில் தொலைநோக்கியோடு அலைபவர் என்றுதான் நினைக்கிறார்கள். அதே வகைதான் நம் ஆட்களும்.

ஹாம் என்பதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர், அப்படியே இருக்கட்டும். கிரந்தம் ஆகாது என்று ‘ஆம் வானலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எதற்கெடுத்தாலும் தலையாட்டும் நிலையம் மாதிரி இருக்கும்.

மிச்சம் இருப்பது கிளப். கழகம் என்றால் கட்சி நினைப்பு வருகிறது, சங்கம் என்றால் ஊதிய உயர்வு கேட்பார்களோ என்று தோன்றுகிறது. ‘வானலை ஆர்வலர் மன்றம்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ரசிகர் மன்றம் நினைவுக்கு வருகிறதென்றால் வரட்டும்; அவர்களும் ஒருவகையில் ஆர்வலர்கள்தானே.