ஸ்கிரிமேஜ்: மோதுகோடும் அதன் 11 அங்குலமும்

அமெரிக்கக் கால்பந்து வர்ணனையை ஐந்து நிமிடம் கேட்டாலே 'லைன் ஆஃப் ஸ்கிரிமேஜ்' பலமுறை காதில் விழும். 'தாக்குதல் கோடு' என்று பெயர்க்கத்தான் முதலில் கை போகும். அது பிழை. இந்தக் கோட்டில் எவரும் எவரையும் தாக்கத் தொடங்குவதில்லை. ஒரு தரப்பு நெட்டித் தள்ளும், மறுதரப்பு விடாது நிற்கும், அவ்வளவுதான்.

முதலில் பொருள். பந்து தரையில் இருக்கும். அதன்மேல் குனிந்து நிற்கும் சென்டர் கால்களுக்கு நடுவே அதைப் பின்னால் தருவார், அதுவே ஸ்னாப். அந்தக் கணம் தொடங்கி, பந்து செத்தது என்று நடுவர் விசில் ஊதும்வரை நடக்கும் மோதல்தான் ஸ்கிரிமேஜ். உதைத்துத் தொடங்கும் கிக்காஃப் இதில் சேராது.

சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் 'ஸ்கர்மிஷ்' திரிந்து பிறந்தது இது. ஸ்கர்மிஷ் என்பது பெரும்போராக மூளாமல், சிறு கூட்டங்கள் உரசிக்கொள்ளும் பூசல். அதற்கு முந்தைய வடிவம் வாள் வீசுதலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் 'எஸ்கிரிமிர்'. இன்னும் தோண்டினால் ஒரு ஜெர்மானிய வேர் தட்டுப்படும். அதன் பொருள் காத்தல், மறைத்தல். இன்றைய ஜெர்மனில் குடைக்கு 'ரேகன்ஷிர்ம்' என்று பெயர், அதாவது மழைமறைப்பு. அந்த 'ஷிர்ம்' இதே குடும்பம். ரக்பியின் 'ஸ்கிரம்' இன்னொரு கிளை.

ரக்பியில் இரு கூட்டமும் பிணைந்து நிற்க, பந்தை நடுவே விடுவார்கள். யார் பக்கம் வெளிவரும் என்பது அந்தத் தள்ளலில்தான் தெரியும். யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880-இல் அமெரிக்க ஆட்டத்துக்காக இதை மாற்றினார். பந்து ஓர் அணிக்குச் சொந்தம், அந்த அணியே அதை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் என்பது புது விதி. பெயர் மட்டும் பழையபடி ஒட்டிக்கொண்டது. சொந்தமான பந்தை விடாமல் வைத்துக்கொண்டே அணிகள் பாதி ஆட்டத்தை ஓட்டத் தொடங்கவே, 1882-இல் மூன்று முயற்சியில் 5 யார்டு கடந்தாக வேண்டும் என்றார்கள். 1906-இல் அது 10 யார்டு ஆனது. 1912-இல் முயற்சி நான்கானது. இன்றுவரை அதுவே.

1906-இல் வந்த இன்னொன்றுதான் இந்தச் சொல்லுக்கு உயிர்நாடி: இரு அணிக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு ஓர் இடைவெளி. பெயரில் கோடு ஒன்றுதான். மைதானத்தில் அவை இரண்டு. பந்தின் இரு முனைகளையும் தொட்டு அணிக்கொன்றாகப் பக்கவாட்டில் ஓடும். தொழில்முறைப் பந்தின் நீளம் 11 முதல் 11¼ அங்குலம், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். ஸ்னாப் ஆகும்வரை அந்தச் சாணுக்குள் தலையோ கையோ நீட்ட உரிமை உள்ளவர் சென்டர் ஒருவரே. வேறெவர் நீட்டினாலும் 5 யார்டு தண்டம்.

இனித் தமிழ்ச்சொல். 'கைகலப்பு', 'பூசல்' இரண்டும் ஸ்கர்மிஷுக்குப் பொருந்தும். இங்கே சண்டை வாடைதான் மிகும். 'மல்லுக்கட்டு' நடக்கும் செயலுக்குக் கச்சிதம், ஆனால் கோட்டோடு சேர்த்தால் நாக்கு இடறுகிறது. படையின் முன்னணிக்குத் 'தார்', 'தூசி' என்று பழந்தமிழில் அழகான சொற்கள் உண்டு. 'தூசி வரிசை' என்று இன்று எழுதினால் விளக்குமாறுதான் நினைவுக்கு வரும். கபடியில் நடுக்கோடும் தொடுகோடும் ஏற்கெனவே பழகியவை. அந்த வாய்ப்பாட்டிலேயே மோதுகோடு என்பது என் தேர்வு. ஒரு வேறுபாடு: கபடிக் கோடுகள் போட்ட இடத்தில் கிடக்கும், மோதுகோடு ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பந்தோடு நகரும்.

கோட்டில் நிற்கும் ஐவருக்கு என்ன பெயர்? நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அடுத்து டேக்கிள்கள். 'அஃபென்சிவ் லைன்' என்பதைத் 'தாக்குதல் வரிசை' என்றால் மறுபடி அதே பிழை. பந்தை எறிபவரை மறைத்து நிற்பதும், ஓடுபவருக்கு வழி பிளப்பதும்தான் இவர்கள் பிழைப்பு. அரண்வரிசை என்றால் அந்த ஜெர்மானிய வேரும் தானாக உள்ளே வந்துவிடுகிறது.

மோதுகோட்டின் அகலம் எதற்கு முக்கியம் என்பது 'ஷார்ட் யார்டேஜ்' நேரத்தில்தான் புரியும். நான்காம் முயற்சி, மீதி 1 யார்டு. யார்டு என்பது நம் கெஜம்தான், 3 அடி. ஆகவே இதைக் கெஜக்கணக்கு என்றே சொல்லலாம். இதற்கு முதல் மருந்து ஸ்னீக்: எறிபவரான குவார்ட்டர்பேக்கே பந்தோடு அரண்வரிசைக்குள் நுழைந்து ஊர்வது. வழக்கமாக ஆளுக்கு ஆள் ஓரிரண்டு அடி விட்டு நிற்கும் வரிசை, இப்போது பாதத்தோடு பாதம் ஒட்டி நிற்கும். இடுக்கு விட்டால் எதிராளி தோளை நுழைத்துவிடுவார். இரு கையும் தரையில் ஊன்றியிருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும். யாருடைய தோள் கீழே போகிறதோ அவர் மற்றவரைத் தூக்கிவிடுவார், எடை அப்புறம்தான். எதிரணி நடு ஆள் சென்டருக்கு நேர் எதிரே நின்றால் குவார்ட்டர்பேக் கார்டின் இடுப்பை ஒட்டிப் போவார். சென்டருக்கு எதிரே ஆளில்லையென்றால் நேராக அவர் முதுகுக்குப் பின்னால்.

கெடுவது பெரும்பாலும் முதல் அரை நொடியில். பாயும் அவசரத்தில் சென்டர் பந்தை முழுதாகக் கைக்குள் வைப்பதில்லை, அல்லது குவார்ட்டர்பேக் கையை முந்தி உருவிவிடுவார். பந்து தரையில் உருளும். வரிசையில் ஒருவர் முன்கூட்டி அசைந்தால் 5 யார்டு பின்னே. மீதி 1 யார்டு 6 ஆகிவிடும், ஸ்னீக்கை மூட்டை கட்ட வேண்டியதுதான். மாறாக, குரலை ஏற்றி இறக்கி எதிரணியைக் கோடு தாண்ட வைத்துவிட்டால் அதே 5 யார்டு சும்மா கிடைக்கும்.

புகழ்பெற்ற ஸ்னீக் ஒன்று: 1967 டிசம்பர் 31, பேக்கர்ஸ் அணியின் ஊரான கிரீன்பே. உறைந்த தரை, மீதி 16 நொடி, எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கும் குறைவு. பேக்கர்ஸ் அணி வகுத்த உத்தியின் பெயரில் 'வெட்ஜ்' இருந்தது, தமிழில் ஆப்பு. கார்டு ஜெர்ரி கிரேமரும் சென்டர் கென் போமனும் சேர்ந்து டல்லஸ் அணியின் ஜெத்ரோ பியூவை நெம்பினார்கள். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் அந்தப் பிளவில் விழுந்தார். 21-17, பேக்கர்ஸுக்கு வெற்றி. கால் வழுக்கும் தரையில் பந்தை இன்னொருவர் கைக்கு மாற்றுவதே ஆபத்து. ஸ்டார் தானே வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

2022-இலிருந்து ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதையே 'டஷ் புஷ்' ஆக்கியது. டஷ் என்றால் பிட்டம். இத்திஷ் மொழிச் சொல்லின் சுருக்கம். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸின் பின்னே நிற்பவர்கள் அவரை முதுகில் கைவைத்து உந்துவார்கள். ஓடுபவரைத் தள்ளக் கூடாது என்ற தடையை அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் 2000-களின் நடுவில் எடுத்துவிட்டது. இழுப்பது மட்டும் இன்றும் குற்றம், 10 யார்டு தண்டம். தேர்க்கணக்கில் சொன்னால், வடம் பிடிக்கக் கூடாது, பின்னால் நின்று நெம்பலாம். அதனால் நெம்புத்தள்ளு என்பது 'பிட்டத் தள்ள'லைவிடக் கௌரவமாகவும் சரியாகவும் இருக்கும். இதைத் தடைசெய்வதா என்று 2025 மேயில் 32 அணிகள் வாக்களித்தன. தடைக்கு 24 வேண்டியிருந்தது, 22 விழுந்தது.

புழக்கத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒரே அணி தனக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்ப்பதும் 'ஸ்கிரிமேஜ்'தான். அங்கே மோதுகோட்டை இழுக்காமல் 'பயிற்சி ஆட்டம்' என்று எழுதுங்கள். 'யார்ட்ஸ் ஃப்ரம் ஸ்கிரிமேஜ்' என்ற புள்ளிவிவரம் ஒருவர் ஓடியும் பந்தைப் பிடித்தும் கடந்த தூரத்தின் கூட்டுத்தொகை. 2009-இல் என்எஃப்எல் வீரர் கிறிஸ் ஜான்சன் ஓடிய 2,006, பிடித்த 503, மொத்தம் 2,509 யார்டு. கிக்காஃபில் உதைத்த பந்தை வாங்கி ஓடிய தூரம் இதில் வராது, ஏனென்றால் அப்போது மோதுகோடே கிடையாது.