விடைத்த காது, வெட்டிய காது

டாபர்மேன் குட்டி வாங்கப் போகிறவரிடம் வளர்ப்பவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "காது வெட்டணுமா, அப்படியே விடணுமா?" என்பது. அப்போது குட்டிக்கு ஏழு வாரமோ எட்டு வாரமோதான் ஆகியிருக்கும். வாங்குகிறவர் அதை இரண்டாவது முறையாகக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும், தாமதித்தால் காது நிற்காது என்று அவசரமும் சேர்ந்துகொள்ளும். கிரேட் டேன், பாக்ஸர், கேன் கோர்சோ என்று வேறு பல காவல் இனங்களுக்கும் இதே கதைதான்.

டாபர்மேன் பிறக்கும்போதே கத்தி முனை போன்ற காதோடு பிறக்கிறது என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். அப்படி நம்புகிறவர்கள் ஏராளம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 810 பேரிடம் காதும் வாலும் வெட்டப்பட்ட நாய்களைக் காட்டி, இவை ஏன் இப்படிக் குட்டையாக இருக்கின்றன என்று கேட்டார்கள். 42 சதவீதத்தினரால் சரியான காரணத்தைச் சொல்ல முடியவில்லை. நறுக்கப்பட்ட காதை நாம் அந்த இனத்தின் முகமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆகவே, வெட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், அந்தக் காது எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாயின் செவிமடலைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தோல், நடுவே மெல்லிய தகடுபோல ஒரு குருத்தெலும்பு. நம் காதுமடலிலும் இருக்கும் அதே வகைதான். மீள்திறன் கொண்ட இழைகள் நிறைந்தது, மடக்கினால் மடங்கும், விட்டால் திரும்ப வரும். இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்வும் தோலும் கொடுக்கிற ஊட்டத்தில்தான் அது வாழ்கிறது. தோலில் ரத்தமும் நரம்பும் தாராளமாக ஓடுகின்றன. மடலின் அடியில் பல சிறு தசைகள் சேர்ந்து அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் திருப்புகின்றன.

பிறந்த குட்டி எதற்கும் காது நிற்பதில்லை. ஓநாய்க் குட்டிக்கும் முதலில் மடிந்துதான் கிடக்கும். வளர வளரக் குருத்தெலும்பு தடித்து, தசை வலுத்து, மடல் எழும். ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்: இன்று ஒரு காது நிற்கும், நாளை இரண்டும் நிற்கும், பல் முளைக்கும் பருவத்தில் மறுபடி ஒன்று சாயும். சில மாதங்களில் நிலைத்துவிடும். டாபர்மேனிடமும் கிரேட் டேனிடமும் இந்தப் பயணம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மடல் அகலமாகவும் நீளமாகவும் வளர்கிறது, தாங்குகிற விறைப்பு அதற்கு ஈடாக வருவதில்லை.

மனிதரோடு வாழவந்த விலங்குகளின் காது ஏன் தொங்குகிறது என்ற கேள்வி டார்வினையும் ஈர்த்தது. ஏதோ ஒரு நாட்டிலாவது காது தொங்காத வளர்ப்பு விலங்கு ஒன்றுகூட இல்லை என்று 1859இல் அவர் எழுதினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து சைபீரியாவில் ரஷ்ய மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி வளர்ப்புச் சோதனையிலும், சாந்தமான நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்கியபோது, சில குட்டிகளுக்குக் காது தொங்கியது. கருவில் உருவாகும் நரம்பு முகட்டுச் செல்கள்தான் குருத்தெலும்புக்கும் பயத்தைத் தூண்டும் சுரப்பிக்கும் பொதுவான மூலம், அதனால்தான் சாந்தமும் தொங்கு காதும் சேர்ந்து வருகின்றன என்று 2014இல் ஒரு கருதுகோள் வந்தது. அதன்மேல் விவாதம் இன்னும் ஓயவில்லை. நாய்களைப் பொறுத்தவரை, பத்தாவது குரோமோசோமில் எம்எஸ்ஆர்பி3 என்ற மரபணு இருக்கும் பகுதி காது நிற்பதையும் தொங்குவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது மட்டும் உறுதியாகியிருக்கிறது.

இப்போது வெட்டுதலுக்கு வருவோம். ஒரு காகித நாடாவை ஒரு நுனியில் பிடித்து நிமிர்த்திப் பாருங்கள். குட்டையாக இருந்தால் நிற்கும், நீளமாக இருந்தால் தலை கவிழும். சீரான ஒரு நாடாவின் நீளம் இருமடங்கானால், அதன் சொந்த எடையே அடிப்பகுதியில் தரும் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். காதின் வெளி ஓரத்தை வளைவாக நறுக்கி எடுக்கும்போது நடப்பது இதன் மறுபக்கம். நுனியிலும் ஓரத்திலும் இருந்த எடை போய்விடுகிறது, எஞ்சிய ஒடுக்கமான துண்டைத் தாங்குவது அடிப்பகுதிக்கு எளிதாகிறது. அதே நாடாவை நீளவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் இன்னும் விறைப்பாக நிற்பதைக் காணலாம். இயற்கையாக நிமிர்ந்த காதுகள் எல்லாம் இப்படிக் குழிந்தே இருக்கின்றன. வெட்டிய காதையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் பின்னால் அத்தனை கட்டும் ஒட்டும் தேவைப்படுகிறது.

பெரும்பாலும் 7 முதல் 12 வாரத்துக்குள் இதைச் செய்கிறார்கள். குட்டிக்கு முழு மயக்கம் கொடுத்து, அச்சு வைத்துக் கோடு போட்டு, தோல், குருத்தெலும்பு, தோல் என்று மூன்று அடுக்கையும் சேர்த்து வெட்டி, ஓரத்தைத் தைப்பார்கள். எவ்வளவு குட்டையாக வெட்டுவது என்பதில் பல பாணிகள் உண்டு. ராணுவப் பாணி குட்டை, கண்காட்சிப் பாணி நீளம். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள்.

பலர் நினைப்பதுபோல அதோடு முடிவதில்லை. ஆறும் எந்தப் புண்ணும் சுருங்கும், ஓரத்துத் தழும்புத் திசு இழுக்கும். அப்படியே விட்டால் காதின் ஓரம் சுருங்கி, மடல் கோணிப்போகும். இதைத் தடுக்கத்தான் போஸ்டிங். காதுக்குள் ஒரு தாங்கி வைத்து, டேப் சுற்றி, இரண்டு காதுக்கும் இடையே பாலம்போலக் கட்டி, சில நாளுக்கு ஒருமுறை பிரித்து, துடைத்து, உலரவிட்டு, மறுபடி கட்ட வேண்டும். குருத்தெலும்பு தானே தாங்கும்வரை இது வாரக்கணக்கில் நடக்கும். நீளமாக வெட்டிய காதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும். டேப் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று திசு அழுகலாம், ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கலாம். இத்தனைக்கும் பிறகு ஒரு காது நிற்காமல் போவதும் உண்டு. அப்போது மீண்டும் மேசையில் ஏற்றலாமா என்ற கேள்வி வரும்.

வலியைப் பற்றிச் சிலர் மிக எளிதாகப் பேசுவது என்னை வருத்துகிறது. "குட்டிதானே, அதற்கு என்ன தெரியும்" என்பார்கள். எட்டு வாரக் குட்டியின் வலி நரம்புகள் முழுமையாக வேலை செய்கின்றன. மயக்கம் அறுவையின்போது மட்டும்தான் காக்கும். தையல் இழுக்கும் நாட்களும் டேப் பிரிக்கும் நிமிடங்களும் விழித்திருக்கும் குட்டிக்குத்தான். மயக்க மருந்தே இல்லாமல் வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை. வேறு பெயர் அதற்கு இல்லை.

எனக்கு இதைவிடக் கனமாகத் தோன்றுவது அந்த வாரங்கள் எவை என்பது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 3 முதல் 12 வாரம்வரையே நாய் உலகத்தோடு பழகும் காலம். யார் நம்மவர், எது ஆபத்து, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்பது அப்போது படிகிறது. எட்டு வாரத்தை ஒட்டி, வலியும் அதிர்ச்சியும் குட்டியின் மனதில் கூடுதலாகப் பதியும் ஒரு குறுகிய காலமும் இருக்கிறது என்று 1966இல் வந்த சோதனை காட்டியது. குழந்தைகளையும் அந்நியர்களையும் மற்ற நாய்களையும் சந்திக்க வேண்டிய நாட்களில், தலையில் கட்டோடு ஒதுங்கிக் கிடக்கிறது குட்டி. மனிதக் கை தலையை நோக்கி வரும்போதெல்லாம் வலிக்கும் என்று அது கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் நாற்பது கிலோ எடையுள்ள காவல் நாயாக அது நிற்கும்போது அந்தப் பாடம் யாருக்கு நல்லது? நல்ல காவல் நாய் எதற்கும் அதிராத நாய். அந்த நிதானம் விளைகிற நிலத்தையே நாம் இந்த அறுவையால் தோண்டிப்போடுகிறோம்.

வெட்டச் சொல்கிறவர்களின் காரணங்களில் ஒன்றுக்கு மட்டும் பழைய நியாயம் உண்டு. மந்தையைக் காத்து ஓநாயோடு மோதிய நாய்க்குத் தொங்கு காது ஒரு பிடி. கிழிந்தால் ரத்தம் நிற்காது. ஆனால் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் ஓநாயோடு மோதுவதில்லை. ராட்வைலரைப் பாருங்கள். காது தொங்குகிறது, அதை யாரும் வெட்டுவதில்லை, காவலில் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

வெட்டினால் காதுத் தொற்று குறையும் என்ற வாதத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 22,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வில், நிமிர்ந்த காது இனங்களைவிடத் தொங்கு காது இனங்களுக்கு வெளிக்காது அழற்சி வரும் வாய்ப்பு ஒன்றேமுக்கால் மடங்கு எனத் தெரிந்தது. இது உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒப்பீடு இயற்கையான காதுகளுக்கு இடையிலானது. நாயின் செவிக்குழாய் 'எல்' வடிவில் முதலில் கீழிறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. அழற்சி பற்றுவது அந்தக் குழாயில், பெரும்பாலும் ஒவ்வாமையால். மடலின் ஓரத்தை நறுக்குவதால் குழாயின் வளைவும் மாறாது, தோலின் ஒவ்வாமையும் மாறாது. வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, குளித்தபின் உலர்த்திவிட்டால் தொல்லையை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். பஞ்சுக் குச்சியை மட்டும் உள்ளே விடக் கூடாது.

வெட்டினால் கேட்கும் திறன் கூடும் என்ற வாதமும் நிற்காது. சுமார் 67 ஹெர்ட்ஸ் முதல் 45,000 ஹெர்ட்ஸ்வரை நாய் கேட்கும். சிவாவா முதல் செயின்ட் பெர்னார்டுவரை சோதித்தும், தலையும் காதும் பெரிதானால் கேள்விக் கூர்மை கூடும் என்ற தொடர்பு எதுவும் தென்படவில்லை. அந்நியர் காலடிக்கு முதலில் குரைப்பது தொங்கு காது நாயாகவும் இருக்கலாம்.

இழப்பது எது என்று கேட்டால், காது ஒரு பேச்சு. பின்னே மடங்கினால் பயம் அல்லது பணிவு, முன்னே விடைத்தால் கவனம், தளர்ந்தால் நிம்மதி. வெட்டிய காதும் அசையும்தான், ஆனால் சொல்லும் சொற்கள் குறைவு. முதலில் சொன்ன அந்த 2016 ஆய்விலேயே, காதும் வாலும் வெட்டப்பட்ட நாயை அதே நாயின் இயல்பான தோற்றத்தைவிட முரடு என்றும், விளையாட்டுக் குணம் குறைந்தது என்றும் மக்கள் மதிப்பிட்டார்கள். நாய் ஒன்றும் செய்யாதபோதே அதைக் கண்டு ஒதுங்குவார்கள். சிலருக்கு வேண்டியதே அந்த அச்சம்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அச்சத்தைச் சுமந்து தெருவில் நடக்கப்போவது நாய்.

1987இல் உருவான ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கை காது வெட்டுவதைத் தடுக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அழகுக்காக மட்டும் வெட்டுவதை எதிர்க்கிறது. அதே அமெரிக்காவில் டாபர்மேனுக்கான இனத் தரவரையறை, காது 'வழக்கமாக வெட்டப்பட்டு நிமிர்ந்திருக்கும்' என்றே இன்றும் சொல்கிறது. எனவே சட்டம் எங்கே என்ன சொல்கிறது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் முடிவு தெளிவு: நலமாக இருக்கும் காதை வெட்ட வேண்டாம். நிமிர்ந்த காதுதான் வேண்டுமென்றால், அது தானாகவே நிற்கும் இனங்கள் இருக்கின்றன. முன்பணம் கொடுக்கும் முன்பே "இந்தக் குட்டிக்குக் காது வெட்டாதீர்கள்" என்று வளர்ப்பவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்க்கப் போகும்போது வேலை முடிந்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே வெட்டிய குட்டி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், அதன் தலையைத் தொடுவதை இனிய அனுபவமாக்குவது முதல் வேலை. கட்டு பிரிக்கும்போது ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தின்பண்டம் ஊட்டட்டும். துர்நாற்றமோ வீக்கமோ ஜில்லென்ற நுனியோ தெரிந்தால், அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வெட்டாத குட்டியென்றால், நான்கைந்து மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது காது சில நாள் விசிறிபோல விரியும், ஒன்று பின்னால் புரண்டு உள்பக்க ரோஜா நிறம் தெரியும். பார்ப்பவர்கள் ஏதோ கோளாறு என்பார்கள். கோளாறு இல்லை. நாளுக்கு நான்குமுறை மெல்ல எடுத்து முன்னால் மடித்துவிட்டால் போதும். அந்தக் கையை அது எதிர்பார்த்துத் தலையை நீட்டத் தொடங்கும்.