டீபிரிஸ்கிரைபிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மருத்துவர் மருந்து எழுதிக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் பழைய சொல் இருக்கிறது. எழுதியதைத் திரும்ப எடுப்பதற்கு அண்மைக்காலம் வரை சொல்லே இல்லை. 2003இல் ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வர்ட் தம் கட்டுரைத் தலைப்பில் 'டீபிரிஸ்கிரைபிங்' என்று எழுதினார். அச்சில் இச்சொல்லின் தொடக்கமாக அதைத்தான் காட்டுகிறார்கள்.

லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'ஸ்கிரிபெரே' என்றால் எழுது. முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைதான் 'பிரிஸ்கிரிப்ஷன்'. அதன் முன்னால் ஒட்டிய 'டீ' செய்ததை மாற்றும் ஒட்டு. 2016இல் 'டீமானிட்டைசேஷன்' வழியாக அது நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த 'டீ' ஒரே இரவில் வேலையை முடித்தது. இந்த 'டீ' மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். தமிழ்ச் சொல் தேடும்போது இதை மறந்தால் ஆபத்து.

பயனைவிடத் தீங்கு கூடிவிட்ட மருந்தை, அல்லது எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோன மருந்தை, மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்து, முடிந்தால் விட்டுவிடுவது: இதுதான் பொருள். முதியோரின் மாத்திரைக் குவியலுக்காகப் பிறந்த சொல் என்றாலும், இதன் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது இங்கிலாந்தில் வேறு ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் படித்தபோதுதான்.

2011இல் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் அடித்துத் துன்புறுத்தப்பட்டதை பிபிசி மறைகேமராவில் படமெடுத்து ஒளிபரப்பியது. அதன்பின் நடந்த அரசு ஆய்வு, இத்தகையவர்களுக்கு மனநல மருந்துகள் அளவுக்கு மீறிக் கொடுக்கப்படுகின்றனவோ என்ற கேள்வியையும் எழுப்பியது. விடை 2015இல் வந்தது. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர், தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமலே ஆன்டிசைக்காட்டிக் அல்லது மனச்சோர்வு மருந்தை, சிலர் இரண்டையும், அன்றாடம் உட்கொண்டிருந்தார்கள் என்று பொதுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டது.

'ஆன்டிசைக்காட்டிக்' என்றால் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்க்கு எதிரான மருந்து. அந்த நோய் இல்லாதவருக்கு அது ஏன்? தலையை முட்டிக்கொள்கிறார், கத்துகிறார், அடிக்கிறார், அடக்கியாக வேண்டும் என்பதற்காக. பல்வலியையோ மலச்சிக்கலையோ வாயால் சொல்ல முடியாதவர் அப்படித்தான் சொல்வார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கொடுத்தால் பலித்ததா என்றால் அதுவும் இல்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவுசார் குறைபாட்டோடு முரட்டு நடத்தையும் காட்டிய 86 பேரைப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பிரிவிலும் முரட்டுத்தனம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரைக்காரர்களிடம். மருந்தின் பலன் இப்படி. உடல் பருத்தல், நீரிழிவு, ஓயாத தூக்கம், வாயும் நாக்கும் தாமாக அசையும் கோளாறு என்று பக்கவிளைவுகள் மட்டும் வரக்கூடும்.

2016இல் இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை 'ஸ்டோம்ப்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மிகைமருந்தை நிறுத்துவோம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கம் அது. சிறுவர்களுக்கு 2018இல் 'ஸ்டேம்ப்' வந்தது. (இரண்டையும் தமிழில் பேசினால் எது அஞ்சல்தலை என்று தெரியாது.)

மொழிபெயர்ப்போர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் 'லேர்னிங் டிசபிலிட்டி' என்பது நாம் அறிவுசார் குறைபாடு என்பதையே குறிக்கும். அதை 'கற்றல் குறைபாடு' என்று போட்டால், நம் வாசகர் எழுத்தைத் திருப்பிப் போடும் டிஸ்லெக்சியா பிள்ளைகளை நினைத்துக்கொள்வார்.

இனி தமிழ்ச் சொல். 'மருந்து நிறுத்தம்' வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் எடுத்த மாத்திரையைத் திடீரென விட்டால் தூக்கம் கெடும், குமட்டும், பதற்றம் ஏறும். அதைப் பார்த்து 'மருந்து இல்லாமல் இவன் இருக்க மாட்டான்' என்ற முடிவுக்கு வந்து அளவைக் கூட்டிவிடுவார்கள். 'மருந்துக் குறைப்பு' பரவாயில்லை, ஆனால் செலவுக் குறைப்பு, ஆட்குறைப்பு வரிசையில் போய் நிற்கிறது. எழுதியதை அடிப்பது என்ற பொருளில் 'மருந்தடித்தல்' என்றால் வயலில் பூச்சிமருந்து அடிப்பது. 'மருந்து இறக்கம்' எனக்குப் பிடித்திருந்தது. காய்ச்சல் இறங்குகிறது, சுமையை இறக்குகிறோம், விஷத்தை இறக்குகிறோம். ஆனால் வேகமாகப் படித்தால் துறைமுகத்தில் மருந்து இறக்குமதி.

தமிழுக்கு இந்தக் கருத்து புதியதே அல்ல என்பதுதான் வேடிக்கை. 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்று கிராமத்தில் சொன்னால், நோய்க்குக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆளைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளச் சோற்றில் கலந்து கொடுத்தார்கள் என்று பொருள். 'இடுமருந்து' என்பது அதன் பெயர். அது பலிக்கிறதா என்பது வேறு விஷயம். குணப்படுத்தாமல் அடக்குவதற்காகவே கொடுக்கும் மருந்துக்கு நம்மிடம் முன்பே தனிச்சொல் இருந்திருக்கிறது. வைத்த மருந்தை எடுப்பதற்கும் ஆள் உண்டு, 'மருந்தெடுத்தல்' என்ற சொல்லும் உண்டு. அதை இங்கே பயன்படுத்த ஆசைதான். ஆனால் இன்று 'மருந்து எடுத்தல்' என்றால் மாத்திரை போட்டுக்கொள்வது. நேர் எதிர்ப்பொருள் ஆகிவிட்டது. தவிர, மருந்தெடுப்பவர் ஒரே அமர்வில் வாந்தி எடுக்க வைத்து அனுப்பிவிடுவார்.

என் தேர்வு 'மருந்து தளர்த்தல்'. நடத்தையை அடக்கக் கொடுக்கும் மருந்தை ஆங்கிலத்தில் வேதியியல் கட்டு என்கிறார்கள். கட்டை அறுப்பதில்லை, தளர்த்துகிறோம். 2020இல் ஊரடங்குத் தளர்வை எல்லோரும் பார்த்தோம். கட்டம் கட்டமாகத் தளர்த்தினார்கள், நிலைமையைப் பார்த்தார்கள், தேவைப்பட்டபோது மீண்டும் இறுக்கினார்கள். மருத்துவரும் இதையேதான் செய்கிறார். ஓர் அளவு குறைப்பார், சில வாரம் கவனிப்பார், சிக்கல் வந்தால் முந்தைய அளவுக்குப் போவார். 'தளர்வு' என்று மட்டும் சுருக்கக் கூடாது; மருந்தால் வந்த உடல் தளர்வு என்று பொருள் மாறிவிடும். தளர்த்துகிறவர் ஒருவர் பின்னால் நிற்கிறார் என்பதை 'தளர்த்தல்'தான் காட்டும்.

இந்த வினைக்கு இன்னொரு வசதியும் உண்டு. எதை என்று கேட்கும். வால்புரோயேட் மாத்திரையை ஒருவர் வலிப்புக்காக எடுப்பார், இன்னொருவருக்கு மனநிலை அலைபாய்வதற்காகக் கொடுத்திருப்பார்கள். வலிப்புக்கு எடுப்பதை ஸ்டோம்ப் தொடச் சொல்லவில்லை. ஆகவே 'மருந்து தளர்த்தல்' என்று மருத்துவச் சீட்டில் எழுதும்போது எந்த மருந்து, எதற்காகத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.