தப்பா வாசிச்சாலும் நிறுத்தாம வாசிங்க

"மேடம், எனக்கும் மியூசிக்குக்கும் ரொம்ப தூரம், இந்த வயசுல என்னத்த கத்துக்கிட்டு..." மனநல ஆலோசகரா 14 வருஷமா வேலை பாக்குறேன், இந்த வார்த்தைய இதுவரைக்கும் எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. பேச்சுவாக்குல "எப்பவாவது ஒரு வாத்தியம் கத்துக்கணும்னு ஆசைப்பட்டிருக்கீங்களா"ன்னு கேப்பேன், முக்காவாசிப் பேருக்கு ஒரு வாத்தியம் டக்குனு ஞாபகம் வரும், கிட்டார்னு சொல்லுவாங்க, வீணைன்னு சொல்லுவாங்க, சொல்லும்போது முகமே மாறும், உடனே "அதெல்லாம் அப்போ மேடம், இனிமே எங்க"ன்னு முடிச்சிடுவாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நல்லா வாசிக்க வந்தா மனசுக்கு நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, என்னோட அனுபவத்துல நல்லா வாசிக்க வராத அந்த ஆரம்ப மாசங்கள்லதான் மனசுக்கு நிறைய வேலை நடக்குது.

ஒரு பொண்ணோட கதைய சொல்றேன். சம்மதம் வாங்கிட்டு, அடையாளத்த மாத்திட்டுத்தான் சொல்றேன். வயசு முப்பதுக்குள்ள, நல்ல வேலை. தூக்கம் வரல, எப்பவும் ஒரு படபடப்புன்னு வந்தாங்க. ஒரு ஆபீஸ் மெயில் அனுப்பணும்னா பத்து தடவை படிப்பாங்க, அனுப்பினதுக்கு அப்புறம் சென்ட் ஃபோல்டருக்குள்ள போய் மறுபடி படிப்பாங்க, ஒரு கமா தப்பா இருந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. பேசிட்டே இருக்கும்போது வீட்ல ஒரு கீபோர்டு இருக்கு, ஆறு மாசமா கத்துக்கிறேன், அதுவும் சரியா வரலன்னு ரொம்ப வருத்தத்தோட சொன்னாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அடுத்த தடவை பிராக்டிஸ் பண்ணும்போது ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிட்டு வாங்கன்னு.

ஆறு நிமிஷ ரெக்கார்டிங். முதல் ரெண்டு வரி அவ்வளவு அழகா இருந்துச்சு. மூணாவது வரில ஒரு சுரம் தவறுது, உடனே ஒரு பெருமூச்சு, ஒரு சின்ன "ச்சே", திரும்ப முதல்லேர்ந்து. மறுபடியும் அதே இடம், அதே ச்சே, மறுபடி முதல்லேர்ந்து. நான் எண்ணிப் பாத்தேன், ஆறு நிமிஷத்துல 17 தடவை ஆரம்பிச்சிருக்காங்க. பாட்டு மொத்தம் எட்டு வரி. "கடைசி வரி எப்படி இருக்கும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "தெரியல மேடம், நான் இன்னும் அங்க போனதே இல்ல"ன்னாங்க. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு, அவங்க கீபோர்ட பத்தி மட்டும் பேசலன்னு ரெண்டு பேருக்குமே புரிஞ்சுது.

அன்னிலேர்ந்து ஒரு விதி வச்சோம். தினம் ஒரே ஒரு தடவை, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிக்கணும், என்ன தப்பு வந்தாலும் கைய எடுக்கக் கூடாது, தாளம் நிக்கக் கூடாது, தப்பு விழுந்தா விழட்டும், அடுத்த சுரத்துக்குப் போயிடணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா முதல் வாரம் அவங்களால முடியல. தப்பு வந்த உடனே கழுத்துல சூடு ஏறுது, கை தானா முதல் சுரத்துக்கு ஓடுதுன்னாங்க. அந்த சூடு இருக்கு பாருங்க, மெயில் அனுப்பும்போது வர்ற அதே சூடுதான் அது. பயப்படுற விஷயத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா போய் நிக்கிறது, உள்ள அடிக்கிற அலாரம் தானா இறங்குற வரைக்கும் ஓடாம இருக்கிறது, இது எங்க சிகிச்சைல ரொம்ப முக்கியமான ஒரு முறை. அதுக்கு ஏத்த பாதுகாப்பான இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். வாத்தியத்துல அது கிடைக்குது. தப்பான ஒரு சுரம் ஒரு செகண்ட் கூட நிக்காது, காத்துல கரைஞ்சு போயிடும், யாருக்கும் நஷ்டம் இல்ல, அடுத்த சுரம் காத்துட்டு இருக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை தப்பு பண்ணி, இருபது தடவையும் ஒண்ணும் ஆகலன்னு உடம்பு தெரிஞ்சுக்குது. வாயால நான் நூறு தடவை சொன்னாலும் உடம்புக்கு அப்படி எட்டாது.

அதுக்காக தப்பை அப்படியே விட்டுடச் சொல்லல. சரி பண்றதுக்குன்னு தனியா நேரம் வச்சுக்கணும். எங்க தவறுதோ அந்த ரெண்டு தாளத்த மட்டும் எடுத்து, பாதி வேகத்துல, மெட்ரோனோம் (டிக் டிக்னு ஒரே வேகத்துல தாளம் குடுக்கிற கருவி) போட்டு பத்து தடவை. அதோட அந்த இடத்த மூடிடணும். சரி பண்ற நேரம் வேற, முழுசா ஓட்டுற நேரம் வேற. இந்த ரெண்டையும் கலக்குறவங்கதான் மாசக்கணக்குல மூணாவது வரிலயே நிப்பாங்க. வாத்தியத்துல மட்டுமா, வாழ்க்கைல எத்தனை பேர அப்படிப் பாக்குறோம்.

கவலைக்கும் வாத்தியத்துக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கு. ஒரே யோசனை மனசுக்குள்ள சுத்திச் சுத்தி வருதே, அதுக்கு காலி இடம் வேணும். டிவி பாத்துட்டே கவலைப்படலாம், ஃபோன நோண்டிட்டே கவலைப்படலாம், பாட்டு கேட்டுட்டே கூட கவலைப்படலாம். வலது கை ஒண்ணு, இடது கை வேற ஒண்ணு, கண்ணு பேப்பர்ல, காது சுருதில, கால் தாளத்துலன்னு இருக்கும்போது கவலைக்கு இடம் கிடைக்காது, கவலைப்பட ஆரம்பிச்சா உடனே கை நின்னுடும். பல பேர் எங்கிட்ட சொல்றது இதுதான், "இருபது நிமிஷம் எதுவுமே ஞாபகம் வரல மேடம், எனக்கு அப்படி இருந்து வருஷக்கணக்காச்சு". கவனிச்சுப் பாத்தா இதை சொல்றவங்க எல்லாருமே கத்துக்குட்டிங்க, சரளி வரிசையோ ஸ்கேலோ வாசிக்கிறவங்க. ரொம்ப நாள் வாசிக்கிறவங்களுக்கு கை பாட்டுக்கு ஓடும், மனசு வேற எங்கயோ சுத்தும், அதனால தெரியாதவங்களுக்குத்தான் இந்த பலன் அதிகம்னு நினைக்கிறேன்.

அடுத்தது ஒரு ஐம்பது வயசு தாண்டினவர். திடீர் திடீர்னு நெஞ்சு அடைக்கிற மாதிரி, தலை சுத்தி, விரல் நுனி மரத்துப் போய், செத்துடுவோமோன்னு பயம் வரும். இதயத்துக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல், பேனிக் அட்டாக்னு சொல்லி எங்கிட்ட அனுப்பியிருந்தாங்க. அவருக்கு புல்லாங்குழல் மேல ஆசை. முதல் ரெண்டு வாரம் வெறும் காத்துதான் வந்துச்சு. வேகமா ஊதினா சத்தம் வரும்னு நினைச்சு மூச்சைக் கட்டி ஊதியிருக்கார், ஊதி ஊதி தலை சுத்தியிருக்கு, விரல் ஜிவ்வுனு ஆகியிருக்கு. புல்லாங்குழல் கத்துக்கிற நிறைய பேருக்கு ஆரம்பத்துல நடக்கிறதுதான், ஆனா அவர் எங்கிட்ட வந்து சொன்ன விதத்த மறக்க முடியாது. "மேடம், அட்டாக் வரும்போது வர்ற அதே மயக்கம், குழலை கீழ வச்சேன், ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு."

இதுதான் விஷயம். தேவைக்கு மேல வேக வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக் குழாய் கொஞ்சம் சுருங்கும், தலை சுத்தும், விரல் மரத்துப் போகும். பேனிக் அட்டாக்ல வர்ற தலைசுத்தலுக்கும் மரத்துப் போறதுக்கும் பெரும்பாலும் காரணம் இதேதான். நான் படம் போட்டு விளக்கியிருக்கேன், தலைய ஆட்டுவார், ஆனா அவர் நம்பினது அந்தக் குழலை கீழ வச்ச ரெண்டு நிமிஷத்துலதான். அப்புறம் சத்தம் எப்ப வந்துச்சு தெரியுமா? உதட்ட தளர்த்தி, காத்த மெல்லிசா, நீளமா, துளையோட விளிம்புல படுற மாதிரி விட்டப்போ. பதட்டமா இருந்தா புல்லாங்குழல் பேசவே பேசாது, உடம்ப இளக்கினாத்தான் பேசும். மூச்சை வெளிய விடும்போது இதயத் துடிப்பு இயல்பாவே கொஞ்சம் குறையும், அதனால நீளமா மெதுவா வெளிய விடுற எந்தப் பயிற்சியும் உடம்ப அமைதிப்படுத்தும், குழல்ல அது பாட்டோட சேர்ந்து வந்துடுது. ஆஸ்துமா, இதய நோய், கண் அழுத்தம் இருக்கிறவங்க மட்டும் ஊதுற வாத்தியத்துக்கு முன்னாடி உங்க டாக்டர கேட்டுக்கோங்க.

ஊதுற வாத்தியம்னு சொன்னதும் 2006-ல வந்த ஒரு ஆய்வு ஞாபகத்துக்கு வருது. தூக்கத்துல மூச்சு தடைபடுற பிரச்சனையும் குறட்டையும் இருந்த 25 பேர்ல ஒரு பகுதிக்கு ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோட டிஜரிடூங்கிற நீளமான குழலை நாலு மாசம் கத்துக் குடுத்தாங்க. பகல் தூக்கம் குறைஞ்சுது, மூச்சுத் தடையும் குறைஞ்சுது. தொண்டைத் தசைக்கு நல்ல பயிற்சி கிடைச்சதுதான் காரணமா இருக்கும்னு எழுதியிருந்தாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா வாத்தியம் உடம்புக்குள்ள எவ்வளவு தூரம் போய் வேலை செய்யுதுன்னு காட்டுது.

"இந்த வயசுல கத்துக்கிட்டு என்ன பலன்"னு வயசானவங்க கேக்குறதுக்கு வர்றேன். 2007-ல ஒரு ஆய்வுல 60-லேர்ந்து 85 வயசு வரைக்கும் இருந்தவங்களுக்கு ஆறு மாசம் தனித்தனியா பியானோ சொல்லிக் குடுத்தாங்க, ஒரு விஷயத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு கவனத்த மாத்துற வேகம் மாதிரியான சோதனைகள்ல அவங்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. 2003-ல வந்த இன்னொரு ஆய்வுல 75 வயசு தாண்டின 469 பேர வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, வாசிப்பு, போர்டு கேம், வாத்தியம், நடனம் இதெல்லாம் பழக்கமா இருந்தவங்களுக்கு மறதி நோய் வர்ற வாய்ப்பு கம்மியா இருந்துச்சு. இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும், ஏற்கனவே மூளை நல்லா இருக்கிறவங்கதான் வாத்தியத்த எடுத்திருக்கலாம், அதனால வீணை வாசிச்சா மறதி வராதுன்னு யாராவது கேரண்டி குடுத்தா நம்பாதீங்க.

அதே மாதிரி பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்க் ஏறும், ஐக்யூ ஏறும்னு பிள்ளைய மியூசிக் கிளாஸ்ல சேக்காதீங்க. 1993-ல மொசார்ட் இசை கேட்ட காலேஜ் மாணவர்களுக்கு ஒரு சோதனைல கொஞ்ச நேரம், பத்து பதினைஞ்சு நிமிஷம் போல, மதிப்பெண் கூடினத வச்சு எவ்வளவோ வியாபாரம் நடந்துச்சு. பின்னாடி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பாத்தவங்க, இசைப் பயிற்சியால பிள்ளைங்க பொதுவான புத்திசாலித்தனம் பெருசா கூடுறதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. மார்க்குக்காக சேத்துவிட்ட பிள்ளைங்கள நான் என் ரூம்ல பாக்குறேன், கிரேடு எக்ஸாமுக்கு முன்னாடி வயித்து வலி வருது, வாத்தியத்தப் பாத்தாலே அழுகை வருது. மனசுக்கு நிழல் குடுக்க வேண்டிய ஒரு விஷயத்தையும் இன்னொரு பரிட்சை ஹாலா மாத்திட்டா அந்தப் பிள்ளை எங்க போய் உக்காரும்?

தனிமைக்கும் இது உதவும். 2016-ல வந்த ஒரு ஆய்வுல மனநல சேவைல இருந்தவங்க வாரம் ஒரு தடவைன்னு 10 வாரம் குழுவா சேர்ந்து டிரம்ஸ் வாசிச்சாங்க, மனச்சோர்வு குறைஞ்சுது, மத்தவங்களோட பழகுற தைரியம் கூடுச்சு. பேச வராதவங்க கூட சேர்ந்து தாளம் போட்டுடலாம். தோல் வாத்தியம், டிரம்ஸ் வாசிக்கிறவங்க காதுக்கு பாதுகாப்பு போட்டுக்கோங்க, அதிக சத்தத்தால போயிட்ட கேக்குற சக்தி திரும்ப வராது.

வலியையும் அலட்சியம் பண்ணாதீங்க. கிட்டார் கம்பில விரல் நுனி எரியும், சில வாரத்துல காய்ப்பு வந்து சரியாயிடும், அது பரவாயில்ல. மணிக்கட்டு வலி, முழங்கை வலி, விரல் மரத்துப் போறது, இதெல்லாம் வந்தா நிறுத்திட்டு காட்டுங்க. லியான் ஃப்ளெய்ஷர்னு உலகப் புகழ் பியானோ கலைஞர், 1960-கள்ல வலது கை விரல்கள் தானா மடங்க ஆரம்பிச்சு பல வருஷம் இடது கைக்குன்னு எழுதின இசைய மட்டும்தான் வாசிச்சார். வலிச்சா வலிக்கட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு வாசிக்கிறதுல ஒரு பெருமையும் இல்ல.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். தீவிர மனச்சோர்வுல இருக்கிறவங்ககிட்ட, காலைல எழுந்து பல் தேய்க்கவே மலையா இருக்கிறவங்ககிட்ட, நான் வாத்தியம் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். வாங்கி மூலைல வச்சிடுவாங்க, அதைப் பாக்கும்போதெல்லாம் "இதையும் என்னால செய்ய முடியல"ன்னு இன்னொரு குற்ற உணர்ச்சி சேரும். அவங்களுக்கு முதல்ல டாக்டர், தேவைப்பட்டா மருந்து, ஆலோசகரோட உக்காந்து பேசுற சிகிச்சை. வாழ வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு நாள் கூட தள்ளிப் போடாம உதவி கேளுங்க, கூட இருக்கிற ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. வாத்தியமெல்லாம் கொஞ்சம் எழுந்து உக்காந்ததுக்கு அப்புறம்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம்தான். எந்த வாத்தியத்தோட சத்தம் கேட்டா உங்களுக்கு உள்ள ஏதோ பண்ணுதோ அதை எடுங்க, சுலபம்னு யாரோ சொன்னத எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரத்த விட தினம் பதினைஞ்சு நிமிஷம் நல்லது. காரணம் இருக்கு, விரல் பழக்கம் தூக்கத்துலதான் உறையுது, 2002-ல ஒரு ஆய்வுல விரல்களால ஒரு வரிசைய தட்டப் பழகினவங்க ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் எந்தக் கூடுதல் பயிற்சியும் இல்லாம கிட்டத்தட்ட 20 சதவீதம் வேகமா தட்டினாங்க. நேத்து வராதது இன்னிக்கு காலைல வருதுன்னு ஆச்சரியப்படுவீங்களே, அது இதுதான். பெட்டில பூட்டி வைக்காதீங்க, கண்ணுல படுற இடத்துல வைங்க. முதல் ஒரு வருஷம் வீடியோ எடுத்து எங்கயும் போடாதீங்க, லைக்குக்காக வாசிக்க ஆரம்பிச்சா மறுபடியும் அந்த சூடு கழுத்துல ஏறும். பெரியவங்களுக்கு சொல்லிக் குடுக்கப் பொறுமை இருக்கிற ஆசிரியர் கிடைக்கிற வரைக்கும் தேடுங்க, முதல் கிளாஸ்லயே அவமானப்படுத்துறவங்ககிட்ட ரெண்டாவது கிளாஸ் போக வேண்டாம்.

அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ரெக்கார்டிங் அனுப்பினாங்க. கீபோர்டாலயே எல்லாம் சரியாச்சுன்னு சொல்ல மாட்டேன், வாரா வாரம் உக்காந்து பேசினோம், தூக்கத்த சரி பண்ணோம், மெயில ரெண்டு தடவை மட்டும் படிக்கிறதுன்னு அதுக்கும் தனியா பயிற்சி பண்ணோம். ரெக்கார்டிங்ல மூணாவது வரில அதே இடத்துல தப்பு விழுது. தாளம் நிக்கல. அஞ்சாவது வரில இன்னொரு தப்பு, ஏழுல கொஞ்சம் தடுமாறுது, எட்டாவது வரி வருது, அந்த வரி அவ்வளவு நல்ல வரின்னு அப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது. முடிஞ்சதும் ஒரு நாலு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் ஃபோனுக்கு தூரத்துல அவங்க குரல், "அம்மா, இங்க வாயேன், முடிச்சுட்டேன்."